கோபத்தோடு வருகிறவளைத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்

குமரி மாவட்டத்தின் ஊர்க் கமிட்டிகளுக்கும், பங்குப்பேரவைகளுக்கும், சபைக் கமிட்டிகளுக்கும், ஜமாஅத் நிர்வாகங்களுக்கும், சமுதாயச் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

நம் மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குள் சண்டை முற்றினால் காவல் நிலையத்துக்கு முன்பே உங்களிடம்தான் வருகிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், வக்கீலுக்குப் பணம் வேண்டும், நாலு பேர் வாயில் விழ வேண்டும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. உங்கள் கூட்டம் நடக்கும் அறையோ நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள். மக்கள் உங்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை பெரிது. அதனால்தான் இந்த மடலை மாவட்ட ஆட்சியருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் வேலை பார்த்தவள். என்னிடம் படித்த பிள்ளைகள் தாய்மாரான பிறகும் ஒரு கஷ்டம் என்றால் தேடி வருவார்கள். அவர்களுக்குத் துணையாக உங்கள் கூட்டங்கள் பலவற்றில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மதத்தார் கூட்டமானாலும் சரி, கடலோரமானாலும் மலையோரமானாலும் சரி, ஒரு விஷயம் மாறுவதில்லை. ஒரு பெண் கோபத்தோடு உள்ளே வந்தால், அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் சொல்லும் தொனியைத்தான் முதலில் விசாரிக்கிறீர்கள்.

ஒரு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண் அவள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடந்தன. கல்யாணத்துக்குப் போட்டுவந்த நகையைக் கணவன் அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு அடித்தான். அன்று அவள் உள்ளே வந்ததும் நாற்காலியைப் பார்க்கவேயில்லை, நின்றபடியே பேசத் தொடங்கினாள். குரல் உயர்ந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் எனக்கு மிகவும் மரியாதைக்குரியவர். அவர், "சத்தம் போடாமல் சொல்லு மக்களே, முதலில் உட்கார்" என்றார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர், "பெண்பிள்ளைக்கு இவ்வளவு ஆத்திரம் ஆகாது" என்றார். கணவன் கைகட்டி, தலை குனிந்து, அடங்கிய குரலில் பேசினான். அரை மணி நேரத்தில் அந்த அறையின் இரக்கமெல்லாம் அவன் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. முடிவில் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதப்பட்டது: "இருதரப்பாரும் பேசிச் சமாதானமாகச் சென்றனர்." விற்ற நகை எத்தனை பவன், எந்தக் கடையில் விற்றான், என்றைக்கு அடித்தான், எங்கே காயம், எதுவும் அதில் இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் பேனாவை வாங்கி அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். பிறகு போட்டாள்.

அந்த வரி உண்மையில்லை. சமாதானமாகச் சென்றது ஒரு தரப்பு மட்டும்தான். அந்த அறையில் நடந்ததில் சட்டத்துக்கும் இடமில்லை. மனைவியின் சீதன நகை முழுக்க முழுக்க அவளுடைய சொத்து, அதைக் கையாடினால் குற்ற வழக்கே போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. அடி, உதை, நகை பறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து நிவாரணம் கேட்க 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி மனு கொடுத்தால் வழக்கமாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை வர வேண்டும், அறுபது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும். வீடு கணவன் பேரில் இருந்தாலும் மாமியார் பேரில் இருந்தாலும், அவள் குடியிருந்த வீட்டிலிருந்து சட்டப்படியல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது. இதையெல்லாம் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தண்ணீர் தேவைப்பட்டிருக்காது.

நீங்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பதறி வருகிறவளை அமைதிப்படுத்துவது இரக்கம் என்றே நினைக்கிறீர்கள். ஆனால் நம் மண்ணின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். பெண்களின் கோபத்தை அமைதிப்படுத்த முயன்றவர்கள் என்ன கொடுத்தார்கள், பெண்கள் எதைக் கேட்டார்கள் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் நம் எல்லாருக்கும் பெருமை. 2023 மார்ச்சில் அதன் 200-ஆம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தபோது தமிழக முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். 2016-இல் இந்த வரலாறு மத்தியப் பாடத்திட்டத்தில் வேண்டாம் என்று சி.பி.எஸ்.இ. சொன்னபோது இங்கே எத்தனை பேர் கொதித்தார்கள்! அந்தக் கொதிப்பில் நானும் இருந்தேன். ஆனால் அந்தப் போராட்டத்தில் பெண்கள் கேட்டது என்ன என்பதை மேடைகளில் வேகமாகக் கடந்துவிடுகிறோம். "மார்பை மறைக்கும் உரிமை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவர்கள் கேட்டது அதைவிடப் பெரிது.

திருவிதாங்கூர் அரசு 1814-லேயே கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு கொடுத்துவிட்டது. உடம்பை மறைப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் அன்றே கதை முடிந்திருக்கும். அந்தப் பெண்களோ குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். மேல்சாதிப் பெண் தோளில் அணிகிற அதே மேல்துணி. 1822-இல் கல்குளம் பக்கம் அடிதடி தொடங்கியது. சந்தையில், நாலு பேர் பார்க்க, அந்தச் சீலையைக் கிழித்தார்கள். 1829-இல் மறுபடியும் ஓர் அரசாணை வந்தது: குப்பாயம் போட்டுக்கொள், தோள்சீலை கூடாது. அதைப் பிறப்பித்த ஆட்சி ஒரு ராணியின் ஆட்சி என்பதையும் மறக்க வேண்டாம். பெண் ஒருத்தி நாற்காலியில் இருப்பதாலேயே கீழே நிற்கும் பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிடாது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-இல் வந்த பிரகடனம்கூட, குப்பாயம் போடலாம், மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றுதான் சொன்னது.

கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அவர்களுக்கு நீட்டப்பட்டது சமரசம்தான். "கேட்டது கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்குக் கோபம்?" என்று அன்றும் நல்ல மனிதர்கள் கேட்டிருப்பார்கள். அந்தப் பெண்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதில் துல்லியமாக இருந்தார்கள். அந்தத் துல்லியத்தை அவர்களுக்குக் கொடுத்தது கோபம். குறைவானதைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிறார்கள் என்பதை அமைதியான மனம் பல நேரம் கவனிக்காமல் விட்டுவிடும். கோபம் விடாது.

உங்கள் நோட்டில் இருக்கிற "பேசிச் சமாதானமாகச் சென்றனர்" என்பதும் அதே குப்பாயம்தான். அவள் கேட்டது அதுவல்ல.

"நாங்கள் பெண்கள் கோபத்துக்கு எதிரி இல்லையே, அவர்களோடு எத்தனை போராட்டங்களில் நின்றிருக்கிறோம்" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நின்றீர்கள். ஒக்கிப் புயல் வந்த 2017-ஐ இந்த மாவட்டம் மறக்காது. நீரோடியிலிருந்து இரையுமன்துறைவரை எட்டுக் கடலோர ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, அவர்களில் எத்தனை தாய்மார், எத்தனை மனைவியர்! பங்குத்தந்தையரும் ஊராரும் அவர்களோடு இருந்தார்கள். தேடுதலைத் தீவிரமாக்கு, எங்கள் ஆட்களைக் கொண்டுவா என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். காணாமற்போனவரை இறந்தவராகக் கருதப் பொதுவாக ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஏழு ஆண்டு இவர்களைக் காக்க வைக்காமல், காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கும் அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அந்தத் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களின் கோபத்துக்கு இதில் பங்கே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மதுக்கடையும் அப்படித்தான். நெடுஞ்சாலை ஓரக் கடைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அடுத்த ஏப்ரலில் சாலையோரத்தில் மூடிய கடைகள் ஊருக்குள் இடம் தேடின. தமிழகம் முழுக்க அவற்றை வாசலிலேயே மறித்தவர்கள் பெண்கள். நம் உண்ணாமலைக்கடையில் 2015-இல் மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரையே விட்டார். அதன்பிறகு இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மதுக்கடைப் போராட்டத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

குழித்துறையில் நீங்கள் யாரும் அந்தத் தாய்மாரிடம் "சத்தம் போடாமல் சொல்லுங்கள்" என்று கேட்கவில்லை. மதுக்கடை வாசலில் "பெண்பிள்ளைக்கு ஆத்திரம் ஆகாது" என்று புத்தி சொல்லவில்லை. ஏனென்றால் அங்கே கோபம் அரசைப் பார்த்து நின்றது, கடையைப் பார்த்து நின்றது. அதே பெண், அதே தொண்டையோடு, அந்தக் கடையில் குடித்துவிட்டு வந்து அடித்தவனைப் பற்றிப் பேச உங்கள் அறைக்குள் வரும்போதுதான் அவளுடைய குரல் உங்களுக்கு அதிகமாகப் படுகிறது. பெண்கள் கோபத்தை ஊருக்கு வெளியே திருப்பும்போது வீரம் என்கிறோம், ஊருக்குள் திருப்பும்போது அடங்காமை என்கிறோம்.

பெண்களுக்காக ஆண்கள் கோபப்பட்டால் நாம் கேட்கும் கேள்விகளும் குறைந்துவிடுகின்றன. 1982-இல் மண்டைக்காட்டில் மூண்ட மதக் கலவரத்தில், பெண்களைச் சீண்டினார்கள் என்ற பேச்சு எவ்வளவு தூரம் பரவி எத்தனை மனங்களைக் கெடுத்தது என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு யாரும் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கவில்லை. உட்கார வைத்திருக்க வேண்டிய கோபம் அது.

முப்பந்தல் இசக்கியம்மனை நினைத்துக்கொள்கிறேன். நம்பியவன் நகைக்காகத் தன்னைக் கொன்றதற்கு நியாயம் கேட்டு வந்தவளாகத்தான் வில்லுப்பாட்டில் அவளைப் பாடுகிறோம். ஆரல்வாய்மொழி வழியே போகும் லாரிக்காரரும் வண்டியை நிறுத்தி அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார். பிள்ளை வரம் கேட்டு அவளுக்குத் தொட்டில் கட்டுகிறார்கள். செத்த பிறகு வந்த கோபத்துக்கு நாம் கோயில் கட்டியிருக்கிறோம். உயிரோடு இருக்கும்போதே நகைக்கு நியாயம் கேட்டு வருகிறவளை என்ன செய்கிறோம் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

எல்லாப் பெண்களின் எல்லாக் கோபமும் நியாயம் என்று நான் வாதாடவில்லை. மருமகளை விரட்டும் மாமியாரின் கோபத்தையும், மகள் வேறு சாதியில் காதலித்ததற்காக அவளைப் பட்டினி போடும் தாயின் கோபத்தையும் நானும் பார்த்திருக்கிறேன். அவை எதையும் முன்னே நகர்த்துவதில்லை. ஒரு கோபம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். நடந்த அநியாயம் நிற்க வேண்டும் என்று கேட்கிறதா, இன்னொருத்தி தலைகுனிய வேண்டும் என்று கேட்கிறதா? இதைத் தெரிந்துகொள்ள அவள் சொல்வதை முழுதாகக் கேட்டாக வேண்டும். குரலைத் தணிக்கச் சொன்னால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

சொத்துப் பங்கைப் பற்றியும் எழுதாமல் விட முடியவில்லை, ஏனென்றால் உங்கள் அறைக்கு வரும் சண்டைகளில் பாதியின் வேர் அங்கேதான் இருக்கிறது. திருவிதாங்கூரில் 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்று எழுதியது. சீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. கோட்டயத்து மேரி ராய், தந்தையின் உதகை வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லப்பட்டவர். அந்த அவமானத்தை விழுங்கிக்கொள்ளாமல் வழக்குப் போட்டார். 1986-இல் உச்ச நீதிமன்றம், திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது, அதாவது ஆணுக்குப் பெண் சமபங்கு. ஒரு பெண் விட்டுக்கொடுக்க மறுத்ததில் ஒரு சமூகத்தின் மகள்கள் அத்தனை பேருக்கும் வழி திறந்தது. குமரி மாவட்டக் கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சமபங்கு பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதற்கும் முன்பே, 1978-இல், சொல்லியிருக்கிறது. இந்து மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுக்க 2005-இலும் பூர்வீகச் சொத்தில் உரிமை வந்தது. இஸ்லாமியரில் மகளின் பங்கை மார்க்கமே வரையறுத்திருக்கிறது.

சட்டம் இப்படி இருக்க, நடப்பது என்ன? கல்யாணம் முடிந்து சில மாதத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போகிறார்கள். அண்ணன் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கிறது. "உனக்குத்தான் நூறு பவன் போட்டாயிற்றே" என்கிறார்கள். விரலை மையில் தொட்டு வைக்கிறாள். அந்த நூறு பவன் பிறகு கணவன் வீட்டில் கரைகிறது, பிறந்த வீட்டிலும் பங்கு இல்லை. இரண்டு பக்கமும் கைவிட்டுப் போன பிறகுதான் உங்கள் அறைக்கு அவள் குரலை உயர்த்திக்கொண்டு வருகிறாள். நாற்பது வயதில் வரும் அந்தக் கோபம் இருபத்திரண்டு வயதில், அந்தப் பத்திரத்தின் முன்னால், வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அன்றும் "அடக்கமாக இரு" என்றுதான் சொல்லியிருப்போம்.

உங்களிடம் கேட்பது இதுதான். அவள் வந்து பேசும்போது, அவள் சொல்கிறபடியே, அவள் சொற்களிலேயே நோட்டில் எழுதுங்கள். தேதி, தொகை, பவன், காயம் எல்லாம் வர வேண்டும். எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், ஒரு நகல் கொடுங்கள். பிறகு கணவனை விசாரியுங்கள். அவன் தணிந்து பேசுகிறானா என்று பார்க்காதீர்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறானா என்று பாருங்கள். அடி, உதை என்று தெரிந்தால் அன்றிரவு அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை உங்கள் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோவது ஊர் மானத்தைக் கெடுப்பதாகாது. குற்றமாகிற விஷயத்தைச் சமரசம் பேசி முடிக்கும் அதிகாரம் உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அந்த மேஜையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்பதும் மாற வேண்டும். ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் நகராட்சியிலும் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது. கோயில் கமிட்டியிலும் பங்குப்பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் ஜமாஅத்திலும் சங்கத்திலும் அந்தப் பாதி எங்கே? மாதர் சங்கத் தலைவி ஒருவரைக் கூப்பிட்டு ஓரத்தில் உட்கார வைப்பதைச் சொல்லவில்லை. நிர்வாகியின் மனைவி என்பதற்காகத் தேர்ந்தெடுத்தவரையும் சொல்லவில்லை. பெண்களே கூடி, பெண்களே தேர்ந்தெடுத்தவர்கள் வர வேண்டும். கொட்டை உடைக்கிறவளும், மீன் கூடை சுமக்கிறவளும், ரப்பர் பால் எடுக்கிறவளும் அதில் இருக்க வேண்டும். விடுதலைப் பத்திரத்துக்கு ஒரு பெண்ணை அழைத்துப் போகும் முன், அவளுடைய பங்கு என்ன என்று அவளுக்குச் சொல்ல ஆள் வேண்டும். திருமண அறிவிப்பு வாசிக்கிற அதே ஒலிபெருக்கியில் இதையும் வாசிக்கலாம்.

"குடும்பம் சிதைந்துவிடுமே" என்பீர்கள். சிதைத்தது யார் என்பதை அந்த நோட்டில் முதலில் எழுதுங்கள், அதன்பிறகு பேசுவோம்.

நவம்பர் 1 நம் மாவட்டம் பிறந்த நாள். 1956-இல் நான்கு வட்டங்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், போராடி வாங்கிய நாள். அந்த நாளுக்கு முன் உங்கள் பொதுக்குழுவைக் கூட்டி, மேலே கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று முடிவெடுங்கள். முடிவை உங்கள் அறிவிப்புப் பலகையில் எழுத்தில் ஒட்டுங்கள். ஒட்டாத ஊர்களுக்குப் பெண்களோடு நேரில் வந்து கேட்பேன்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்திலிருந்து
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி